பதினேழு சிவப்பு அம்புகள்

கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா அந்த ஆளுக்கு!

காய்ச்சலில் நான்கு நாள் லீவு போட்டுத் திரும்பிய மாரிசெல்வி, கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் தான் மறந்துவிட்டுப் போன சரித்திர நாவலைக் கண்டெடுத்தாள். உள்ளே... பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்! ஒரகடத்து ஃபேக்டரியில் பழுதான பாகத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதேதான். மொத்தம் பதினேழு. வாளேந்திய இளவரசனுக்கே ரிஜெக்ட் அம்பா?

அடுத்த ஷிப்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் பஸ்ஸில்தான் இவள் ஷிப்டு வீடு திரும்பும். மறுநாள் கொட்டும் மழையில், குடையோடு படிக்கட்டருகே நின்றாள். அந்த ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்து வந்தான் ஹேமந்த். குவாலிட்டி செக்கிங்காரன், ஊர் வாலாஜாபாத்.

"எம் புக்குல அம்பு ஒட்டுனது நீங்கதானா?"

"பழக்கதோஷங்க... தப்பைப் பார்த்தா கை சும்மா இருக்காது. இரும்புக் கவசம் போட்டுகினு ஆத்துல எப்டிங்க நீந்துவான்? முழுகிடுவான்ல?"

"காதலிக்கவன் நீந்துவான்! உங்களுக்கு என்ன தெரியும்?"

அவன் சிரித்தான். இமையில் மழைத்துளி... அடடா, என்ன கண்கள்! அதைக் கவனித்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பிறகு தினமும் அதே படிக்கட்டில் ஐந்து நிமிடச் சண்டை. அதற்காக இவள் ஷிப்டு முடிந்ததும் ஓடோடி வந்தாள் என்பது வேறு விஷயம்! வாதாடி வாதாடி, பதினாறு அம்புகளை அவன் கையாலேயே பிய்க்க வைத்தாள். மிஞ்சியது ஒன்று. இளவரசன் மனசில் இருப்பதைச் சொல்லாமலே போருக்குக் கிளம்பும் இடம்.

"இதாங்க இருக்கறதுலயே பெரிய தப்பு" என்றான். அதை மட்டும் அவளால் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்க்கும் ஜாஸ்மின் சொன்னாள்: "ஹேமந்தை வல்லம் வடகால் பிளாண்ட்டுக்கு மாத்திட்டாங்கடி. இங்க இன்னிக்குத்தான் கடைசி."

நேற்றுகூட வாய் கிழியப் பேசினானே... ஒரு வார்த்தை சொன்னானா, பாவி!

இறங்கியவனை வழிமறித்தாள். கண்ணில் நீர் முட்டியது. கடைசி அம்பைப் பிய்த்து, அவன் சட்டைப்பையின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

"இன்னாங்க இது?"

"ரிஜெக்ட்! இளவரசன் சொல்லாமப் போனது தப்புன்னா, நீங்க போறது மட்டும் சரியா?"

"தினமும் சொல்லத்தாங்க வந்தேன்... நீங்க மொறைக்கிற மொறைப்புல பயந்துட்டேன்."

"இப்பவும் மொறைக்கத்தான் செய்யுதேன். சொல்லுங்க!"

"உங்களை... ரொம்பப் புடிச்சிருக்கு, செல்வி."

பழுது சரியானால் அம்பை எடுத்துவிட வேண்டும், அதுதான் ஃபேக்டரி முறை. அதை மெல்ல உரித்தாள்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்று அப்போதும் திட்டினாள்.