வாசற்படி தாண்டாத செவலை

செவலை அன்றைக்கும் வாசற்படியோடு நின்றுவிட்டது. முன்னங்கால்கள் இரண்டையும் கல்லின் விளிம்பில் வைத்து, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. பிறகு வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு பின்வாங்கி, மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்தது. சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி சௌந்திரம் பார்த்துக்கொண்டே நின்றாள். குட்டியிலிருந்து இந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்து வளர்ந்த நாய் அது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக வீட்டுக்குள் வருவதில்லை.

"இன்னும் உள்ள வரமாட்டேங்குதா?" அடுப்படியிலிருந்து மாமியார் முத்தாயம்மாள் கேட்டாள்.

"இல்லீங்க அத்தை."

"வயசாயிப்போச்சு. ஊடே மறந்து போச்சாட்ட இருக்குது."

சௌந்திரம் தட்டை மாட்டுத்தொட்டியோரம் கொண்டுபோய் வைத்தாள். செவலை எதையாவது மறந்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் புருஷன் சென்னியப்பன் லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றி வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வந்தால் மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தடத்தில் நடந்து வருவான். எத்தனையோ லாரிகள் போகிற ரோட்டில் அவன் லாரியின் சத்தத்தை மட்டும் செவலை எப்படித்தான் பிரித்ததோ, வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்துவிடும். கதவு மூலையில் கிடக்கும் அவனுடைய பழைய தோல் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே மெல்லச் சிணுங்கியபடி தடத்தில் ஓடும். அந்தச் சிணுங்கல் அவனுக்கு மட்டும்தான். சௌந்திரத்துக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அவன் சிரித்துக்கொண்டே வந்து, "ஏம்புள்ள, தண்ணி காயுதா?" என்று கேட்பான். அவளுக்கு அது போதும்.

செவலை மறக்காத இன்னொருவன் பொன்னன். சென்னியப்பனோடு கூடப் போகிற மாற்று டிரைவர், வெண்ணந்தூர்க்காரன். கெட்டவன் இல்லை, முன்கோபி. ஒருமுறை இங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நாய் இலையில் வாய் வைத்துவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த லாரி ஜாக்கிக் கம்பியை எடுத்து வீசிவிட்டான். பின்னங்கால் ஒன்று கோணிப்போயிற்று. அப்புறம் அவனே வருத்தப்பட்டு, "தெரியாம செஞ்சுட்டன் தங்கச்சி" என்று சௌந்திரத்திடம் சொல்லி, வரும்போதெல்லாம் பிஸ்கட் வாங்கிவந்து போட்டான். செவலை அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவனுடைய மூக்குப்பொடி வாசம் தடத்தில் வந்தாலே போதும், வாலைச் செருகிக்கொண்டு மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் போய்விடும்.

போன ஆடியில் மலைப்பாதையில் லாரி உருண்டு தீப்பிடித்தது. இரண்டு பேருமே போய்விட்டார்கள். துணியில் சுற்றித் தைத்த இரண்டு உடல்களை ஒரே வேனில் கொண்டுவந்து, ஒன்றை வெண்ணந்தூரில் இறக்கிவிட்டு, மற்றதை இங்கே கொண்டுவந்தார்கள். பிரிச்சுப் பாக்காதீங்க, தாங்கமாட்டீங்க என்றார் கூட வந்தவர். வெளியூரில் அடிபட்டுச் செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் இல்லை. நேராகத் தங்கள் காட்டுக்கே கொண்டுபோய் வரப்போரம் புதைத்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது செவலை வந்தது. துணியை மோந்தது. வாலைச் செருகிக்கொண்டு பின்வாங்கி, விந்தி விந்தி நடந்து புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது. வாயில்லாச் சீவனுக்கு என்ன தெரியும் என்று யாரோ சொன்னார்கள்.

உடலைத்தான் வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது, உயிரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கருமாதியன்று பொழுது சாய, முத்தாயம்மாள் புதைத்த இடத்தில் கற்பூரம் கொளுத்தி, புதுச்சொம்பில் தண்ணீர் நிறைத்து, "வா சாமி, நம்மூட்டுக்கு வா" என்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். சொம்பை உள்வீட்டு மூலையில் வைத்து, கட்டில் ஓரம் இலை போட்டுப் படைத்தார்கள். அன்று சாயங்காலம்தான் செவலை முதன்முதலாக வாசற்படியில் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு வாசம் வர ஆரம்பித்தது. முதலில் பழைய பாயில் வருகிற புழுக்க வாசம் என்று நினைத்து, சௌந்திரம் பாய்களை வெயிலில் போட்டாள். சாணி போட்டு மெழுகினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடியும் வரும். காரமாக, மூக்கின் உள்பக்கத்தைத் தொடுகிற மாதிரி. ஆளில்லாத கட்டிலில் கயிறு மெல்ல இறுகும். முத்தாயம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள். மூலையைப் பார்த்து, "சாப்பிட்டயா சாமி?" என்று கேட்பாள். மகன் போனதிலிருந்து அந்தக் கிழவி உயிரோடு இருப்பதே அந்தப் பேச்சினால்தான். அதனால் அது மூக்குப்பொடி வாசம் என்று சௌந்திரம் வாய் திறந்து சொல்லவில்லை. சென்னியப்பன் பொடி போடமாட்டான்.

வருஷத் திவசம் நெருங்கும்போது பொன்னனின் அம்மா ஆராயி வந்தாள். ஒரே வண்டியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

"நாங்களும் கூப்பிட்டுப் பாத்தமுங்க, வரவே இல்லீங்க," என்றாள். "வச்ச சோறு வச்சபடியே கெடக்குது. டப்பி நெறையப் பொடி வச்சேன். கொறையவே இல்லை. எங்க மேல என்ன கோவமோ தெரியல."

சொல்லிக்கொண்டே உள்வீட்டுக்குள் போனவள், யாரும் உட்காரச் சொல்லாமலே கட்டில் ஓரத்துத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடி வெகுநேரம் அழுதாள். எழுந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "என்னமோ தெரியலீங்க, இங்க வந்து உக்காந்தா மனசு ஆறுது," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவளுக்குப் போக மனம் வரவில்லை.

அன்றைக்கு வேனில் உடல்கள் மாறிப்போய்விட்டன என்று சௌந்திரத்துக்கு உறுதியாயிற்று. சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைப்பான், இன்னொரு தாய்க்கு இல்லாமல் போவான். அவள் ஆராயியைத் தடம் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, சொல்லாமலே திரும்பினாள். அப்படியானால் தன் புருஷன் எங்கே என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை. அவன் வெண்ணந்தூரில் இல்லை. யார் வீட்டுச் சோற்றையும் தொடாமல், தன் வீட்டைத் தேடி நடந்துகொண்டிருக்கிறான். 

திவசத்தன்று பொழுது இறங்கியபோது கரண்டு போயிற்று. "பங்காளிகளக் கூட்டிக்கிட்டு வாரேன், இலையப் போட்டு வை," என்று முத்தாயம்மாள் கிளம்பிப் போனாள். சௌந்திரம் விளக்கேற்றி, கட்டில் ஓரம் இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்தாள். பொடி வாசம் அறை நிறைய இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சோளக்காட்டில் காற்று விழுந்து கிடந்தது. மாட்டுத்தொட்டியின் ஈர வாசம், எங்கோ புகைகிற சாணி வரட்டி, மெயின் ரோட்டில் கியர் மாற்றி ஏறுகிற ஏதோ ஒரு லாரி.

அந்தச் சத்தம் புளியமரத்தடியில் நின்றது.

செவலை எழுந்தது.

காதுகள் நிமிர்ந்தன. தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சிணுங்கல். ஒரு வருஷமாக அவள் கேட்காத சிணுங்கல். கதவு மூலைச் செருப்பை எட்டிக் கவ்விக்கொண்டு, கோணல் காலை இழுத்துக்கொண்டு தடத்தில் ஓடியது. பாதி வழியில் நின்றது. யாரோ குனிந்து தடவிக் கொடுப்பதுபோல முதுகு தழைந்தது. வால் ஆடியது. பின் திரும்பி, ஓர் ஆள் உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்து வந்தது. தடத்தில் யாரும் இல்லை.

சௌந்திரத்துக்கு அழுகைதான் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. செவலை வாசற்படிக்கு முன்னால் நின்றது. கண்ணுக்குத் தெரியாமல் அதன் பக்கத்தில் வந்தவனும் நின்றான். உள்ளே வரவில்லை.

உள்ளே இடமில்லை. அவளுக்குப் புரிந்தது.

புருஷன் பெயரை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். அத்தை வெறுமனே சாமி என்று கூப்பிடாமல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே சரியானவர் வந்திருப்பார். இன்றைக்குத் தான்தான் சொல்ல வேண்டும். 

"சென்னியப்பன்," என்றாள். "வாங்க. நம்மூடுங்க இது. உள்ள வாங்க."

பின்னால் கட்டில் கயிறு இறுகியது.

"ஏம்புள்ள," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பொடி அடைத்த மூக்கால் பேசுகிற குரல். தங்கச்சி என்று கூப்பிட்ட அதே குரல். "இங்கதான இருக்கறேன்."

செவலையின் வால் நின்றது.

அது பக்கத்தில் அண்ணாந்து பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தது. பார்வை மெல்லத் திரும்பியது. தடத்துப் பக்கம். யாரோ திரும்பி நடக்கிற வேகத்தில்.

"போகாதீங்க," என்றாள். குரல் வெளியே வரவில்லை.

செவலை அவளை ஒருமுறை பார்த்தது. செருப்பை இறுக்கிக் கவ்விக்கொண்டது. காலை விந்தி விந்தி, ஓர் ஆளின் இடப்பக்கம் நடப்பதுபோல ஒதுங்கி நடந்து, புளியமரத்து இருட்டுக்குள் போய்விட்டது.

பின்னால் இலை தரையில் உராய்ந்து இழுபட்டது.

"கொழம்பு ஊத்து புள்ள," என்றது குரல், ஆசையாக.