அனுமதி வரவில்லை

"விசில் வந்துதா இல்லியான்னு பாக்க தனியா ஒரு ஆளு வேணுமாட்டி? காதக் கழட்டியா வச்சிருக்க?"

"வந்தாத்தானே கேக்கும்! அடுப்புக்குப் பக்கத்துலயேதான் நிக்கேன், ஒரு விசிலும்—"

"விசிலே வராம பயறு கரியாவுமா? வாயத் தெறந்தாப் பொய்யி—"

"பொய்யப் பத்தி நீங்க பேசாதுங்கோ."

கேப்டன் ஞானசிங் குக்கரைத் திறந்து பார்த்தார். சிறுபயறு கருகி அடியோடு ஒட்டிக் கிடந்தது. விசிலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடைப்பு எதுவும் இல்லை. ஆவி அது வழியாகத்தான் போயிருக்கிறது. சத்தம் மட்டும் போடவில்லை.

மனைவி பெமிலா குத்திக்காட்டியது எந்தப் பொய்யை என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊசி மயக்கத்தில், நடந்தது முழுவதையும் அவளிடம் உளறியது அவரேதான்.

இரண்டு மாதம் முன்னால், வடக்கே ஒரு விமான நிலையத்தில், முன்னால் ஐம்பதடிகூடத் தெரியாத பனிமூட்டம். ஓடுபாதையில் ஏறிக் காத்திருக்கும்படி ரேடியோவில் சொன்னார்கள். காத்திருக்க மட்டும்; கிளம்ப அனுமதி இல்லை. ஏற்கெனவே ஒரு மணி நேரம் தாமதம். ஞானசிங் எஞ்சினுக்கு விசை கொடுத்துவிட்டார். வலப்பக்க இருக்கையில் துணை விமானி எபிசன், குளச்சல் பக்கத்துப் பையன், இருபத்தெட்டு வயது.

"சார், டேக்-ஆஃப் கிளியரன்ஸ் வரல்ல" என்றான்.

"வந்தாச்சு."

"இல்ல சார், நான் ஒருக்கா கேக்கட்டா?"

"மிண்டாத இருலே. நான் பிளேன் எடுக்கத் தொடங்கும்போ நீ தொட்டில்ல கெடந்த."

துணை விமானி 'ஸ்டாப்' என்று கத்தினால் கேப்டன் நிறுத்தியாக வேண்டும். அது எழுதி வைத்த விதி. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இங்கிலீஷில் கத்தியிருப்பான். ஆனால் ஒரே ஊர் என்று தெரிந்த நாளிலிருந்தே அவர்களுக்குள் ஊர்ப்பேச்சுதான். ஊர்ப்பேச்சில் மூத்தவர் மிண்டாதே என்றால் இளையவன் வாயை மூடிக்கொள்வான். எபிசன் மூடிக்கொண்டான். ஓடுபாதையைக் குறுக்கே கடந்த தண்ணீர் லாரி பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தபோதும், அது கண்ணாடி முழுக்க நிறைந்தபோதும், அவன் விரலை நீட்டிக் காட்டினான். வாயைத் திறக்கவில்லை.

வலப்பக்கம் நசுங்கிப்போயிற்று. எபிசனும் லாரியில் இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். விமானத்தின் பின்பகுதியில் இருந்தது சரக்கு மட்டும். விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி தீயில் வெந்து ஒன்றுக்கும் ஆகாமல் போனது. கேப்டனுக்குக் கழுத்தெலும்பில் அடி, தலை திரும்பாதபடி பட்டை. நேற்றுத்தான் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்: ரேடியோ துணை விமானியின் பொறுப்பு, அனுமதி வந்துவிட்டது என்று அவன் சொன்னதை நம்பித்தான் விமானத்தைக் கிளப்பினேன். இன்று மாலை திருவனந்தபுரத்தில் விசாரணை அதிகாரிகள் முன்னால் அதையே வாயால் சொல்லிவிட்டால் லைசென்ஸ் பிழைக்கும். பையன்தான் செத்துவிட்டானே.

ஹாலில் போய் உட்கார்ந்தார். மழை கட்டி மூடி, நண்பகலே மங்கிக் கிடந்தது. பயறு கருகிய வாடையும், பக்கத்து வீட்டில் காயப்போட்டிருக்கும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றமும், இரண்டு மாதமாகத் துவைத்துத் துவைத்தும் கழுத்துப்பட்டையை விட்டுப் போகாத ஆஸ்பத்திரி மருந்தின் நெடியும் ஒன்றாகக் குழைந்து மூக்கில் ஏற, எதையோ கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் இருக்கிறோம் என்ற எண்ணம் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு மாத்திரை. போனில் அலாரம் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். மணி ஒன்று பத்து. திரையில் அலாரம் துடித்துக்கொண்டிருந்தது. சத்தம் முழுசாகத்தான் வைத்திருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் மதில்மேல் காலைத் தூக்கி வைத்து இவர் வீட்டைப் பார்த்துக் குரைத்தது. தாடை திறந்து திறந்து மூடியது. எச்சில் தெறித்தது. குரைப்பு இல்லை.

"சாரே."

உடம்போடு சேர்த்துத் திரும்பினார். அவருக்கு முதுகுப்புறத்தில், ஒரு முழத் தூரத்தில், நனைந்த குடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். எபிசனின் தாய் சத்தியபாய்.

"எப்போ உள்ள வந்திய?"

"பெல்ல மூணு வாட்டி அமத்தினேன் சாரே. கேக்கல்ல போலிருக்கு. கதவு தெறந்து கெடந்துது." நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. "நிக்கேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிருவேன். எம் பிள்ள கடைசியா என்ன பறஞ்சான்?"

அடுக்களை வாசலில் பெமிலா வந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"கிளியரன்ஸ் வந்தாச்சுன்னு பறஞ்சான் அக்கா."

"வந்திருந்துதா?"

"இல்ல."

சத்தியபாய் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அப்போ அந்த லாரிக்காரங்க ரெண்டு பேரும் எம் பிள்ளையாலதான் செத்தாவ."

"நான் அப்படி எடுத்துச் சொல்லல்ல. ஆனா…" தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படித்தான்."

"அவளுக்கும் ஒரு பிள்ள இருக்காம், அந்த டிரைவருக்க பெஞ்சாதிக்கு. போய்க் காலுல விழணும்." அவள் அழவில்லை. "சொன்னாக் கேக்குத பிள்ள சாரே அவன். பெரியவங்க மிண்டாதன்னா மிண்டமாட்டான். அது ஒண்ணுதான் நான் அவனுக்குப் படிப்பிச்சது."

"அக்கா!" பெமிலா இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "அது அப்படி இல்ல அக்கா, அவன்—"

"பெமிலா. மிண்டாத."

வாய் மூடிக்கொண்டது.

சத்தியபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். இரும்புக் கேட் திறந்து மூடியது. தெரு முழுக்கக் கேட்கும்படி கிரீச்சிடும் கேட் அது. இன்று கிரீச்சிடவில்லை.

"திருவனந்தபுரத்துக்குப் புறப்படு. குழித்துறைப் பாலத்துல மழைக்கு வண்டி மாட்டிக்கிடும்" என்றார். அவளைத் தனியே விட்டுப் போக அவருக்குத் துணிவில்லை. சத்தியபாயைத் தேடிக் குளச்சலுக்கு பஸ் ஏறினாலும் ஏறிவிடுவாள். பெமிலா செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கார் ஓட்டக்கூடாது என்று நெய்யூர் டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டால்தானே. பெமிலா இடப்பக்கம் ஏறினாள். பெல்ட் போடாததற்குக் கூவவேண்டிய மணி கூவவில்லை. திரும்பும் விளக்கு டிக் டிக்கென்று அடிக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, கூரையில் கல்லை வாரிக் கொட்டுவதுபோல விழுந்தது, ஆனால் பஞ்சில் விழுவதுபோலச் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"ரேடியோவப் போடு."

அவள் போட்டாள். எண்கள் ஓடின. அவ்வளவுதான்.

"கோவமாட்டி? நான் என்ன எனக்காவண்டியா செய்யேன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. கன்னம் உள்ளே இழுபட்டது. உதடு பிரியவில்லை. விரலை வாய்க்குள் நுழைக்கப் பார்த்தாள். நகம் உதட்டைக் கீறியது. ரத்தம் வந்தது. நுழைய இடம் இல்லை. உதடு இருந்த இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டார். பார்க்காமல் இருப்பது அவருக்குப் பழக்கம்.

சந்து முடிந்து பெரிய ரோடு. வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது காலியாக இருந்தது, கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். இடது பக்கம் பார்க்கத் தலை திரும்பாது. கல்யாணமான புதிதிலேயே அவளைப் பழக்கியிருந்தார், விமானத்தில் சொல்வதுபோலவே, இடப்பக்கம் நீதான் பார்த்து 'கிளியர்' என்று சொல்ல வேண்டும் என்று. முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காத்திருந்தார். பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டால் ஒன்றும் வரவில்லை என்றுதானே அர்த்தம். மிதித்தார்.

கார் பாதி ரோட்டை மறித்து நின்றது. எஞ்சின் எப்போது அணைந்தது? தெரியவில்லை. சாவியைத் திருகினார். ஒன்றும் இல்லை. ஹாரனை அடித்தார். உள்ளங்கை வலித்தது. ஒன்றும் இல்லை.

கண்ணோரத்தில், பெமிலாவின் கன்னத்தில் வெளிச்சம்.

சின்ன வெளிச்சம். இடப்புறத்திலிருந்து. மழைத்துளி ஒவ்வொன்றும் மஞ்சளாகி அவள் முகத்தில் ஊர்ந்தது. காதோரம். பிறகு கழுத்து. பிறகு சேலை முழுவதும்.

கதவுப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. அவர் தோளில் அறைந்தாள். வாய் இல்லாத முகம் ஆடியது. விரலை நீட்டிக் காட்டினாள்.

அந்த விரல். அதே மாதிரி நீட்டிய விரல்.

தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட் தெரிந்தது. வெள்ளைச் சட்டை. தோளில் துணை விமானிக்கான மூன்று பட்டை. மடியில் கையை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, எபிசன். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

இந்த முறையும் பக்கத்து இருக்கைதான். அவருக்கு ஒன்றும் ஆகாது.

வெளிச்சம் வெள்ளையாயிற்று. பெமிலாவின் கண்ணுக்குள் இரண்டு விளக்குகள் அகலமாகிக்கொண்டே வந்தன.

"ஏட்டி பெமிலா… பறையேண்டி… இடப்பக்கம் கிளியரா?"