அரக்குப் புடவை

முறத்தில் வைத்திருந்த அரக்குப் பட்டின் முந்தானை வெளியே சரிந்து கிடந்தது. உள்ளே வைத்துத்தான் மடித்தோம் என்று கலைமதிக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் யாரும் இல்லாதபோது அதைத் திருட்டுத்தனமாகக் கட்டிப் பார்த்துவிட்டு மடித்தவள் அவள்தானே.

கட்டியது தப்புதான். பூவும் பொட்டுமாய்ப் போனவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுகிற வீடு அது. படைக்கிற புடவை முதலில் செத்தவளுக்கு, பிறகுதான் இரண்டாம் தாரத்துக்கு என்று மாமியார் முனியம்மாள் நேற்றே சொல்லியிருந்தாள். ஆனால் கலைமதிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய கல்யாணப் புடவையைத் திண்டிவனத்தில் பத்தே நிமிஷத்தில் எடுத்த ஜெகதீசன், செத்து ஒரு வருஷமான இளவரசிக்காக விழுப்புரத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினான். ஒரு தரமாவது அவன் தன்னை ஆசையாகப் பார்க்க மாட்டானா என்று நான்கு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் படையல் போட்டார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை. எல்லாம் இளவரசிக்குப் பிடித்தவை, எல்லாம் கலைமதி சமைத்தவை. கற்பூரம் காட்டி, செத்தவள் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, சாம்பிராணிப் புகை கதவிடுக்கில் கசிய, மூவரும் கூடத்தில் மூச்சுக் காட்டாமல் நின்றபோது, உள்ளே வளையல் குலுங்குவது அவளுக்கு மட்டும் கேட்டது. ஜெகதீசன் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தான். தனக்காக அவன் இப்படி அழுவானா என்று நினைத்தாள்.

முனியம்மாள் மூன்று தரம் கை தட்டிக் கதவைத் திறந்தாள். இலையைக் குனிந்து பார்த்தவளின் முகம் வாடியது.

"அவ சாப்புடலடா. எதுக்கோ கோச்சிக்கினா."

கலைமதிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

புடவையை அவள் கையில் கொடுத்து, கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவள் படையல் இருந்த அறைக்குள்ளேயே தாழ் போட்டுக்கொண்டாள். கொசுவத்தைச் செருகும்போது வெளியிலிருந்து ஜெகதீசனின் குரல் வந்தது.

"ஜல்தி கட்டிக்கினு வா. நான் பாக்கணும்."

நான்கு மாதத்தில் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்தது.

பின்னால் இலை சரசரத்தது. ஃபேன் காற்று என்று நினைத்தாள். ஃபேன் ஓடவில்லை.

சோறு பிசையும் சத்தம். மெல்லும் சத்தம். நிதானமாக. பக்கத்தில்.

திரும்பவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். திறந்தது.

எதிரே நின்ற ஜெகதீசனின் முகம் மலர்ந்தது. அவள் ஏங்கிய அதே பார்வை. அது அவள் மேல் விழவில்லை. அவள் தோளைத் தாண்டிப் போயிற்று.

"வந்துட்டியா" என்றான்.

அவள் இடுப்பை உரசிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு கை அவனை நோக்கி நீண்டது. விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.