பூச்சு போகாத சீட்டு

சுரண்டி எடுத்த தூள் ஈரமாக இருந்தது.

லாட்டரிச் சீட்டின் வெள்ளிப் பூச்சு எப்படி உதிரும் என்று வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் காபி வாங்கும்போதெல்லாம் கூடவே ஒரு சீட்டு வாங்கி, வண்டியின் ஸ்டியரிங் மேல் வைத்துச் சுரண்டி, மடியில் விழும் சாம்பல் நிறத் துகளை ஊதித் தள்ளுவது அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அது உலர்ந்த தூள். இதுவோ சுரண்டும் காசின் விளிம்பில் திரண்டு, குளிக்கும்போது கழுத்தைத் தேய்த்தால் அழுக்கு உருளுமே, அப்படி உருண்டு, அவள் உள்ளங்கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. உதறினாள். போகவில்லை. ஜீன்ஸில் தேய்த்தாள். பிறகு கையை முகர்ந்து பார்த்தாள். முகர்ந்திருக்கக் கூடாது.

அவளும் தம்பி கிளைடும் ஒஹாயோ நதிக்கரை ஊர்களில் செத்தவர்களின் வீடுகளைக் காலி செய்து கொடுப்பவர்கள். இந்த வீட்டில் இருந்தவள் ஓபல் ரிங்கர். எழுபத்தாறு வயது, தனிக்கட்டை. ஆகஸ்ட் வெயிலில், சாய்வு நாற்காலியில், ஒன்பது நாள் யாரும் பார்க்காமல் கிடந்தாள். உடலை எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். நாற்காலி அங்கேயே இருந்தது. அதன் துணியில் ஒரு ஆள் உட்கார்ந்த வடிவத்தில் பழுப்புக் கறை. கறையின் ஓரங்கள் இன்னும் பளபளத்தன. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தும் அந்த வாடை போகவில்லை. மூக்கில் இருக்க வேண்டிய நாற்றம் நாக்கின் அடியில் இனிப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நாற்காலிக்கு அடியில்தான் கிளைட் அந்த பிஸ்கட் டின்னைக் கண்டெடுத்தான். உள்ளே நூற்றுக்கணக்கில் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டுகள்.

"எல்லாத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணிப் பாரு வெர்னா," என்றான். "கிழவி பாதியப் பாத்திருக்கவே மாட்டா."

"அது நம்மளோடதாடா?"

"அவளுக்குப் புள்ளையா குட்டியா? உள்ள இருக்கறதெல்லாம் குப்பை, அள்ளிட்டுப் போங்கன்னுதானே வீட்டு ஓனர் சொன்னாரு? குப்பையத்தான் அள்றோம். பெருசா ஒண்ணு அடிச்சா போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் எவன் படுத்து நாறின மெத்தையையும் நாம தூக்க வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் சம்மதித்தாள். எலுமிச்சை சோப்பு, வினிகர், பிளீச் என்று எதைப் போட்டுக் கழுவினாலும் அவள் கைகளில் அடுத்தவர் வீட்டு நாற்றம் மிச்சம் இருந்தது. சாண்ட்விச்சை முள்கரண்டியால் சாப்பிடுகிறவள் என்று கிளைட் அவளைக் கேலி செய்வான்.

அழுகிய இறைச்சி நிறைந்த குளிர்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் குப்பைக் கிடங்குக்குப் போனான். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து லாட்டரிச் செயலியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகக் கேமராவின் பச்சைக் கட்டத்துக்குள் காட்டத் தொடங்கினாள். பரிசு இல்லை. பரிசு இல்லை. ஐந்து டாலர். பரிசு இல்லை. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கும்போது ஈரத் தோல் உரியும் சத்தம் வந்தது. சிலவற்றில் பார்கோடின் மேல் காபிக் கறை. துணியால் ஒற்றினாள், செயலி படித்தது. சில சீட்டுகள் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி போல மின்னின. மேஜையின் நிழல் பக்கம் திருப்பினாள், படித்தது. சுருண்டவற்றைக் கனமான தட்டின் அடியில் வைத்து நிமிர்த்தினாள். ஒரு ஈ லென்ஸின் மேல் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டி லென்ஸைத் துடைத்தாள். துடைத்த துணியில் மஞ்சளாக ஏதோ இழுபட்டது.

டின்னின் அடியில் அந்தக் கடைசிச் சீட்டு. அதன் பார்கோடு மட்டும் பூச்சுக்குள் மூடிக் கிடந்தது. செயலி சொன்னது: பூச்சை முழுவதும் நீக்கவும்.

அதைத்தான் இப்போது சுரண்டிக்கொண்டிருந்தாள். முதல் அடுக்குக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருந்தது. அதற்குக் கீழேயும்.

வாசல் வலைக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டோரீன், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி, ஒரு ஜாடி ஐஸ் டீயோடு நின்றாள்.

"உள்ள வர மாட்டேம்மா, தப்பா எடுத்துக்காதே. எப்படித்தான் மூச்சு விடறியோ."

"பழகிடுச்சுங்க," என்றாள் வெர்னா. பொய்.

டோரீனின் கண் அவள் விரலிடுக்கில் இருந்த சீட்டுக்குப் போனது. "ஓபலும் இதே பைத்தியந்தான். கடைசியா போன்ல பேசினப்ப, 'பெருசா ஒண்ணு மாட்டியிருக்கு டோரீன், மேல இருக்கற பூச்சுதான் போகவே மாட்டேங்குது'ன்னா. கடைக்காரன்கிட்ட குடுத்தா மெஷின்ல வச்சுப் பாத்துச் சொல்லுவானேன்னேன். 'இதக் கழட்டிக் குடுக்க முடியாதுடி'ன்னு சொல்லிச் சிரிச்சா. நான் காதுல சரியா விழலன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போய்ச் சேர்ந்துட்டா. சவப்பெட்டியைத் திறக்கவே விடல. எடுக்கறப்ப அவ கையில மட்டும் கையுறை மாட்டியிருந்ததாம், இந்த வெயில்ல." ஜாடியைப் படியில் வைத்துவிட்டு அவள் புல்வெளியைத் தாண்டி வேகமாகப் போனாள்.

சீட்டை மேஜைமேல் போட்டுவிட்டு ஜாடியை எடுக்கப் போனபோது அதன் கைப்பிடி வெர்னாவின் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே கொண்டுவந்து மேஜையில் வைத்து, கையைப் பிடுங்கினாள். திருப்பிப் பார்த்தாள். இடது உள்ளங்கை முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். சுரண்டிய தூள்தான், வியர்வையில் குழைந்து பரவியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு குழாயைத் திறந்தாள். முதலில் துருத் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். படலம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க வெள்ளியைப் போல மினுமினுப்பு ஏறியது. அதிலிருந்து இனிப்பாக, சூடாக, நாற்காலியின் வாடை எழும்பியது. தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தினாள்.

அந்தக் கை அவள் முகத்துக்கு அருகில் வருவதை அவளால் சகிக்க முடியவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. கிளைடின் பூட்ஸ் சத்தம். அவளுக்கு அழுகை வந்துவிடும் போல நிம்மதியாக இருந்தது.

"என்ன, அடிச்சுதா?"

"ஒண்ணு மட்டும் படிக்க மாட்டேங்குது. விடுடா. போயிடலாம். எனக்கு உடம்பு என்னமோ மாதிரி இருக்கு."

"ஒனக்கு எப்பவுமே என்னமோ மாதிரிதான்." அவன் மேஜைமேல் கிடந்த சீட்டை எடுத்துச் சட்டையில் தேய்த்தான். அவளுடைய போனை எடுத்து அதன் மேலே பிடித்தான். டிங் என்று உடனே படித்தது. "பரிசு இல்லை. இதுக்கா இவ்வளவு நேரம்? பார்கோடு பளிச்சுனு தெரியுதே, பாரு."

தெரிந்தது. சீட்டில் பூச்சே இல்லை. சுத்தமாக, உலர்ந்து, கறுப்புக் கோடுகள் வரிசையாக.

அப்படியானால் அவள் சுரண்டிக்கொண்டே இருந்தது எதை?

"கிளைட், என் கையப் பாரேன்."

அவன் போனைத் தாழ்த்தினான். கேமரா இன்னும் திறந்திருந்தது. திரையில் பச்சைக் கட்டம் துள்ளியது. தரையில் தேடியது, மேஜையில் தேடியது, பிறகு அவள் நீட்டிய உள்ளங்கையின் மேல் வந்து இறுகி நின்றது.

போன் அதிர்ந்தது.

கிளைட் திரையைப் படித்தான். அவன் உதடுகள் மெதுவாக அசைந்தன. இன்னொரு முறை படித்தான். தொப்பியைக் கழற்றி வைத்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"இப்படி வெளிச்சத்துக்கு வா," என்றான். சின்ன வயதில் அவள் காலில் முள் எடுத்தபோது பேசிய அதே குரல்.

"என்ன போட்டிருக்குன்னு கேக்கறேன்ல!"

"தொகை முழுசா தெரியல. முதல் ரெண்டு நம்பர் மங்கலா இருக்கு. அதுக்கப்புறம் நிறைய சைபர் வெர்னா. எண்ண முடியல." பெருவிரலால் திரையைத் துடைத்தான். "பூச்சை முழுசும் எடுத்தாத்தான் படிக்குமாம்."

"அது என் கைடா."

"தெரியும்."

"கிளைட்."

"கொஞ்சம்தான் மூடியிருக்கு. ரெண்டே நிமிஷம்."

அவள் இழுத்துக்கொண்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். குளிர்பெட்டி தூக்கும் கை. அவளை மேஜையோடு சேர்த்து அழுத்தி, போனை ஜாடியில் சாய்த்து நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். அவள் கத்தினாள். ஜன்னலுக்கு வெளியே டோரீனின் வீட்டில் ஒரு திரைச்சீலை விலகியது. மூடிக்கொண்டது.

சாவியின் பல் உள்ளங்கையில் இறங்கியது.

வலிக்கவில்லை. மென்மையாக, சாம்பலாக, ஈரமாக அது சுருண்டு சுருண்டு உருண்டது. மேஜை விளிம்பில் சேர்ந்தது. அவள் மடியில் விழுந்தது. கிளைட் கொஞ்சம் சுரண்டுவான். ஊதுவான். திரையைப் பார்ப்பான். இன்னும் கொஞ்சம்.

"பாத்தியா, வருது," என்றான். மூச்சு வாங்கினான். "அசையாதே. அசைஞ்சா படிக்காது."

அவள் பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள்.

உரிந்த இடத்தில் ரத்தம் இல்லை. சதையும் இல்லை. வெளிறிய, வழுவழுப்பான ஏதோ ஒன்று. அதற்குள் மயிரிழை கனத்தில் கறுப்புக் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, பின்னிக் கிடந்தன. அவன் போனைக் கையில் எடுத்து அருகே கொண்டுவந்தான். வெளிச்சம் பட்டது.

கோடுகள் மெல்ல நெளிந்தன. பிரிந்தன. ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கேமராவுக்கு நேராக, வரிசை கட்டி நின்றன.