புன்னைக்குப்பத்துச் செங்கோல்

1979ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அமலோர்நாதன் வீட்டு வாசலில் மீன்காரி தையல்நாயகி மூச்சிரைக்க வந்து நின்றாள். அமலோர்நாதன் பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீஸ்காரர், ஓய்வு பெற்றவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர ஊர விட்டுத் தள்ளப் போறாங்க. சாயங்காலம் பஞ்சாயத்து."

அவளுடைய ஊரான புன்னைக்குப்பத்தில் தலைவர் பதவி தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் சொத்து. அதை ஒழித்து ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தையல்நாயகியும் கணவன் கண்ணையனும் குடியரசுச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு, கோயிலிலிருந்த தலைவரின் வெள்ளிப்பூண் செங்கோல் காணாமல் போனது. இன்று நண்பகலில் அது சங்கக் கொட்டகையின் கூரையிலிருந்து வெளியே வந்தது.

"கூரையிலேருந்து யார் எடுத்தது?"

"தலைவர் மகன் தெய்வசிகாமணி. கண்ணையன் வெள்ளிக்கிழமையே சொருகுனத என் கண்ணால பார்த்தேன்னு சத்தியம் பண்றான். காலையில நாங்க மொத்தப் பேரும் டவுனுக்கு ஊர்வலம் போயிருந்தோம். திரும்பி வந்தா, கொட்டகையச் சுத்திக் கூட்டம்."

"வாங்க மாமா, போவோம்!" அமலோர்நாதன் சட்டையை மாட்டுவதற்குள் மருமகள் பிலோமினா செருப்பை மாட்டிவிட்டாள்.

கொட்டகைக்குள் தரை இன்னும் சொதசொதவென்று இருந்தது. முந்தின நாள் முழுதும் பெய்து, இன்று காலை ஊர்வலம் கிளம்பும் நேரத்தில்தான் விட்ட மழை கீற்றுக்கூரை வழியே இறங்கி, சுவரில் கட்டியிருந்த துணியில் 'எல்லோருக்கும் ஓட்டு' என்ற சிவப்பு எழுத்துகளைக் கரைத்திருந்தது. செங்கோலை உருவிய இடம் அந்தத் துணிக்கு நேர் மேலே.

கோயில் மேடையில் செங்கோல் கிடந்தது. அதன் வெள்ளி மீன்தலையில் சந்தனமும் குங்குமமும். அமலோர்நாதன் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பொட்டு எப்ப வச்சது?"

"வெள்ளிக்கிழமை பூசையில, நான்தான் வச்சேன்," என்றார் பூசாரி பக்கிரி. "கூரையிலேருந்து எடுத்து இங்க கிடத்துனதோட சரி. விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

பிலோமினா மாமனாரின் காதருகே வந்தாள். "மாமா, கோயில் சாவி ஒன்னு பூசாரிகிட்ட, இன்னொன்னு தலைவர் வீட்ல. பூட்ட யாரும் உடைக்கல. எனக்குப் பூசாரி மேலதான் சந்தேகம்."

"அவர் காலையில எங்க இருந்தார்னு கேட்டியா?"

அவள் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினாள். பூசாரியும் ஊர்வலத்தில் போயிருந்தார்.

மாலையில் ஆண்கள் கோயில் மேடைக்கு முன்னால் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவர் கோவிந்தராசு. பெண்கள் வழக்கம்போல வட்டத்துக்கு வெளியே.

"தம்பி, வெள்ளிக்கிழமையே பார்த்தீங்க. ஏன் இன்னைக்கு வரைக்கும் சொல்லல?" என்று கேட்டார் அமலோர்நாதன்.

"மழை விடட்டும்னு இருந்தேன்," என்றான் தெய்வசிகாமணி.

"மழை கூரைய நனைச்சுது, தரைய நனைச்சுது, துணியில இருந்த சாயத்தக் கூடக் கரைச்சுது. அதே கூரைக்குள்ள இருந்த மீன்தலையில குங்குமம் ஒரு சொட்டுகூட வழியலியே?"

தெய்வசிகாமணி செங்கோலைத் திரும்பிப் பார்த்தான்.

"மழை பெய்யறப்போ செங்கோல் கூரையில இல்ல. ஏதோ ஒரு வீட்ல பத்திரமா இருந்திருக்கு. மழை விட்ட பிறகு, இன்னைக்குக் காலையில சொருகியிருக்காங்க. கண்ணையனும் பூசாரியும் அப்போ டவுன்ல. மிச்சம் இருக்கற சாவி தலைவர் வீட்ல. நடக்காதத வெள்ளிக்கிழமை பார்த்ததா சத்தியம் பண்றவர் நீங்க ஒருத்தர்தான்."

"இவனுங்க ஓட்டுப் போட்டா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கத்தினான் தெய்வசிகாமணி. தலைவர் கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் கனைத்தார். "மகன் செஞ்சது தப்பு. கண்ணையன் மேல குத்தம் இல்ல. ஆனா செங்கோல் என் வீட்டுதுதான். அதுல மாத்தம் இல்ல."

தையல்நாயகி வட்டத்துக்குள் நடந்து வந்தாள். யாரோ அதட்டினார்கள். அவள் நிற்கவில்லை.

"கோல் உங்க வீட்லயே இருக்கட்டும், பெரியவரே. அது எங்களுக்கு வேணாம். தலைவர நாங்களே தேர்ந்தெடுக்கறோம். ஓட்டு வேணுங்கறவங்க கையத் தூக்குங்க!"

முதலில் உயர்ந்தது பூசாரியின் கை. பிறகு வட்டத்துக்குள் ஒவ்வொன்றாக. வட்டத்துக்கு வெளியே பெண்களின் கைகள் மொத்தமாக.

கோவிந்தராசு எழுந்து, மேடையிலிருந்த செங்கோலை எடுத்துக்கொண்டார். தலைவர் எழுந்தால் ஊரே எழ வேண்டும் என்பது அந்தக் குப்பத்தின் வழக்கம்.

"கூட்டம் முடிஞ்சுது," என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.