ஜெயா அக்காவின் சுவர்

சந்திரிகாவுக்கு வீட்டில் ஒரு வேலை உண்டு. சுவரை இடிப்பது.

தினமும் மாலையில் அவளுடைய அக்கா ஜெயலெட்சுமி வீட்டின் பின்புறம் ஒரு செங்கல் சுவர் கட்டுவாள். பயிற்சி நிலையத்தில் கொத்து வேலை படிக்கும் ஒரே பெண் அவள்தான். பழகுவதற்கான சுவரில் சிமெண்டு போடமாட்டாள். சுண்ணாம்பும் மணலும் மட்டும்தான். அப்படிக் கட்டினால்தான் பிரிக்க முடியும். சந்திரிகா கல்லைப் பிரித்து, வாளித் தண்ணீரில் கழுவி, மறுநாளுக்கு அடுக்கி வைப்பாள்.

நகரின் நடுவே கொம்தார் என்ற அடுக்குமாடிக் கோபுரம் பாதி எழுந்து நின்ற வருஷம் அது. ஊரெல்லாம் கட்டட வேலை. ஆனால், ஒருநாள் அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா?"

"இன்னைக்கு ஒத்திகைப் பரீட்சை. வாத்தியார் பின்னால வந்து நின்னாரு. கை நடுங்கிருச்சு. சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது."

"நெசப் பரீட்சைக்கு எத்தனை பேரு நிப்பாங்க?"

"மூணு பேரு. தோத்தா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலைக்குப் போன்னு அப்பா சொல்லிட்டாரு."

அக்காவின் கண் கலங்கியது. வீட்டில் அக்கா கட்டும் சுவர் ஒருநாளும் கோணியதில்லையே. அன்று கல்லைக் கழுவும்போது அவள் வெகுநேரம் யோசித்தாள். இங்கே அக்காவை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

மறுநாள் அக்கா கொத்துக்கரண்டியை எடுத்தபோது, பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மீரா சாகிப் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டு ஹாஜரா அக்கா கடலைப் பொட்டலத்தோடு வந்திருந்தார்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டே?" என்று அக்கா தங்கையிடம் சீறினாள்.

"பரீட்சைக்கு வர்றவங்க உன்னைக் கேட்டுட்டா வருவாங்க?"

அக்கா வெடுக்கென்று திரும்பிக் கல்லை எடுத்தாள். அன்று சுவர் கோணியது. அதற்கடுத்த நாளும் கோணியது. "கொஞ்சம் இடது பக்கம் லா," என்று மீரா சாகிப் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு கல்லைக்கூட வைத்தவரில்லை. அக்கா பல்லைக் கடித்தாள். சந்திரிகா தன் பாட்டுக்குக் கல்லைக் கழுவினாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அக்கா திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஹாஜரா அக்கா கடலை கொறிக்கும் சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. சுவரின் மட்டம் பார்க்க வைத்த ரசமட்டத்தின் குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

பரீட்சை முடிந்து அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பாஸ்! மூணு பேரும் பின்னாலயே நின்னாங்க. ஒருத்தரும் இடது பக்கம்னு சொல்லலையா, என்னமோ குறையுற மாதிரி இருந்துச்சு."

அப்பா ஃபேக்டரிப் பேச்சை அதோடு விட்டார்.

மீரா சாகிப் வீட்டு அடுப்படிக்குள் மழைத்தண்ணீர் ஏறுவது வழக்கம். அடுப்படி வாசலில் ஒரு குட்டையான தடுப்புச் சுவர் கட்டித் தரும்படி அவர் அக்காவைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தபோது, சந்திரிகா பழக்கத்தில் வாளியோடு வந்து நின்றாள்.

"வாளி வேணாம்டி," என்றாள் அக்கா. "இதுக்கு சிமெண்டு போட்டிருக்கேன்."

சந்திரிகா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, இடிக்க வேண்டியிராத அந்தச் சுவரை ஆசைதீரப் பார்த்தாள்.