மிளகாய் அரைத்த பிறகு

விளக்கு வைக்கிற நேரத்தில் நஞ்சப்பன் மறுபடியும் குளிக்கப் போனான். மத்தியானமும் குளித்தான், மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தும் குளித்தான். கொல்லைப்புறக் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அடுப்படியில் நின்ற அவன் மனைவி கோகிலவாணிக்கு, சோப்பு வாசத்தோடு வேறொரு நெடியும் வந்தது. அப்போதுதான் அரைத்த மிளகாய் நெடி. அவள் இன்றைக்கு மிளகாயையே தொடவில்லை.

அமாவாசையன்று தொட்டிருந்தாள். கடத்தூர்ச் சந்தைக்குப் போகவேண்டிய தக்காளி, காய் பிடிக்கிற சமயத்தில் இலை சுருண்டு கருகிப்போனது. பக்கத்துக் காட்டுச் சந்திரமோகன்தான் திருட்டுத்தனமாகக் களைமருந்து அடித்துவிட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வரப்புத் தகராறில் அவன் பல்லைக் கடித்ததைப் பார்த்தவளாயிற்றே! எல்லையம்மன் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் கெடுதல் செய்தவன் உடம்பு தீயாய் எரியும். பாலூற்றிக் கல்லைக் குளிர வைத்தால்தான் அடங்கும். வயிறெரிந்து பூசிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சந்திரமோகனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அந்தப் பாவி ஒரு சொறி சொறிய வேண்டுமே! டீக்கடையில் உட்கார்ந்து ஆற அமர பஜ்ஜி தின்கிறான்.

குளியலறைக் கதவருகே போனாள். நெடி கண்ணைக் கரித்தது.

"என்னங்க, எத்தன வாட்டிதான் குளிப்பீங்க?"

"மேலெல்லாம் எரியுது வாணி."

"சந்திரமோகன் திருப்பி ஏதாச்சும் வெச்சிட்டானாங்க?"

உள்ளே குழாயை இன்னும் திறந்துவிட்டான்.

"அவன் ஒண்ணும் பண்ணல. களைமருந்து அடிச்ச டேங்க்கைக் கழுவாம அதுலயே தக்காளிக்குப் பூச்சிமருந்து அடிச்சிட்டன். நாந்தான்."

"சொல்றதுக்கென்ன?"

"நீயா அவம்பேரச் சொன்ன. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டன். கல்லுல பால ஊத்திரு வாணி. தாங்க முடியல."

பால் எடுக்கத்தான் திரும்பினாள். அந்த மிளகாயை வாங்கி வந்தது யார்? நல்ல காரமாகப் பார்த்து வாங்கினேன் என்று கையில் கொடுத்தானே, முகத்தில் ஒரு சலனமாவது இருந்ததா? சந்திரமோகனுக்கென்று சேர்த்து வைத்திருந்த வெறுப்பெல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டாள். சுவரோரம் குழாய்த் தண்ணீரை அடைக்கிற கேட்வால்வைத் திருகினாள். தன் கையைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. கை திருகுவதை நிறுத்தவில்லை.

தண்ணீர் நின்றது.

காலி வாளியைச் சொம்பு சுரண்டியது.

"வாணி?"

கதவு ஆடியது.

"வாணி, தண்ணி வுடு..."

கதவடியில் விரல்கள் வந்தன. சிவந்து, தோல் வழன்று, சிமெண்டைப் பிறாண்டின. நகங்கள் கழன்று சிமெண்டில் ஒட்டிக்கொண்டன. அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.